மணி பின்னால போன ஒரு இடம்

எத்தனையோ பெரிய ஃபைலைக் கைவச்சுத் திருத்தியிருக்கேன். ஒண்ணே ஒண்ணுதான் என்னைத் திருப்பி அடிச்சுது. அதைச் சொல்லாம மத்ததை எழுத உக்காந்தா கை ஓடமாட்டேங்கு. அதனால முதல்ல அதையே சொல்லித் தொலைச்சிருதேன்.

சென்னையில இருபது வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில குப்பை கொட்டிட்டு, இப்போ தென்காசிப் பக்கம் மேலகரத்துல வீட்டு மாடியில உக்காந்து அதே வேலையைத்தான் செய்யுதேன். ஸ்கேன் மிஷின், கண்காணிப்புக் கேமரா, நிலம் அளக்குற ட்ரோன், இதெல்லாம் துப்புற பைனரி ஃபைல்தான் என் பிழைப்பு. மனுசன் வாசிக்கிற எழுத்து ஒண்ணும் அதுல இருக்காது, பூராவும் எண்ணு. நூறு ஜிபி, இருநூறு ஜிபின்னு கெடக்கும். அதுல எங்கயாவது நாலு பைட்டு தப்பா விழுந்திருக்கும். அதைத் தேடிப்பிடிச்சு மாத்தணும். பைத்தான்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி மாத்துவேன்.

இதுல புதுசா வாரவங்க என்ன செய்வாங்கன்னா, ஃபைல் முழுசையும் மெமரிக்குள்ள இழுப்பாங்க. மிஷின் மூச்சுத் திணறி நின்னுரும். இல்லன்னா ஃபைலை அப்படியே இன்னொரு ஃபைலாக் காப்பி எடுத்துக்கிட்டே நடுவுல அந்த நாலு பைட்டை மாத்துவாங்க. அதுக்கு அரை நாளு ஆகும். எனக்கு அதைப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். "ஏட்டி, அரிசியில ஒரு கல்லு கெடந்தா மூட்டையவா அவுத்துக் கொட்டுவ?" ன்னு ஏசுவேன். நேரா அந்த இடத்துக்குப் போ, அங்கன இருக்குற எண்ணை மாத்து, மூடிட்டு வா. ஃபைல்ல வேணும்ங்கிற பக்கத்தை மட்டும் மெமரியில காட்டுறதுக்கு பைத்தான்லயே வழி இருக்கு. பத்து நிமிஷத்துல முடியற சோலி.

ஆனா ரெண்டு விஷயத்துல கறாரா இருப்பேன். ஃபைலைத் தொறக்கும்போது 'டபிள்யூ'ன்னு ஒத்தை எழுத்தைப் போட்டுட்டா போச்சு, உள்ள இருந்தது பூராவும் காலி. அதனால தொறக்குற வரியை மூணு தடவை பாக்கணும். இன்னொண்ணு, எந்த எண்ணை மாத்தப்போறோமோ அதோட பழைய மதிப்பை முதல்ல பக்கத்துல ஒரு குட்டி ஃபைல்ல எழுதி வச்சுக்கிடணும். அப்பந்தான் தப்பாப் போனா திரும்பிவர முடியும். எங்க கம்பெனியில இந்தச் சட்டத்தைப் போட்டவளே நான்தான். மறந்தவங்களை அழவச்சிருக்கேன்.

இனி என் தம்பி விஷயத்துக்கு வாரேன். பட்டாளத்துல பதினஞ்சு வருஷம் இருந்துட்டு வந்தவன். வந்து கொஞ்ச நாள் சும்மா இருந்தான், பெறகு குத்தாலத்துக்கு மேக்கால மலையடிவாரத்துல ஒரு தனியார் விடுதியில காவலுக்குச் சேந்தான். விடுதிக்குப் பின்னால ஒரு ஓடை. அதைக் கல்லுகட்டித் தேக்கி, வாரவங்க குளிக்கிறதுக்கு வசதி பண்ணி வச்சிருந்தாங்க. தண்ணி கூடினா விசில் ஊதி ஆளுங்களை மேல ஏத்திவிடணும், அதான் இவன் வேலை. மேல எஸ்டேட்டுல இருக்குற காவக்காரர் தண்ணி நெறம் மாறுறதைப் பாத்த உடனே இவனுக்குப் போன் அடிப்பாரு. அங்கேருந்து இங்கன தண்ணி வந்துசேர அஞ்சு நிமிஷமும் ஆகும், கால் மணி நேரமும் ஆகும், மழையைப் பொறுத்தது. அந்த இடைவெளிதான் ஓடையில நிக்கிறவங்களோட உசுரு.

ஒரு ஆடி மாசம் மத்தியானம் அந்தத் தண்ணி வந்துச்சு. கீழ சாரல்கூட இல்ல, வெயிலும் மேகமுமா இருந்துச்சு. மேல எங்கயோ கொட்டியிருக்கு. ஓடையில எட்டுப் பேரு நின்னாங்க. ஏழு பேரு ஏறிட்டாங்க. ஒருத்தர், வெளியூர்லேருந்து பொண்டாட்டியோட வந்தவர், முப்பத்தஞ்சு வயசு இருக்கும், கல்லுல வச்சிருந்த செருப்பையும் துண்டையும் எடுக்கத் திரும்பியிருக்காரு. மறுநாள் காலையில இலஞ்சிப் பக்கத்துல வயல் ஓரமா கெடச்சாரு.

செய்தி கேட்டதும் நான் பயந்துட்டேன். செத்தவரை நெனச்சு மட்டுமில்ல, பொய் சொல்லமாட்டேன். என் தம்பியை நெனச்சுத்தான் முதல்ல பயந்தேன். போன் வந்த உடனே ஊதினானா, தாமதிச்சு ஊதினானான்னுதானே கேப்பாங்க? உடனே ஊதியிருந்தா அது விபத்து. தாமதிச்சிருந்தா அது அவன் தலையில விடியும், ஜெயிலு வரைக்கும் போகும். விடுதிக்காரங்க கண்டிப்பா அவனைத்தான் முன்னால தள்ளுவாங்க, அவங்களைப் பத்தி எனக்குத் தெரியும்.

விபத்துக்கு மறுநாள் மத்தியானம் தம்பி வந்தான். மொகம் பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. கையில என்னோட ஹார்ட் டிஸ்க்கு. முந்தின வாரம் ஏதோ படம் பாக்கன்னு வாங்கிட்டுப் போனது.

"எக்கா, கேமராப் பெட்டி மாட்டின மெக்கானிக் என் சேக்காளிதான். பெட்டியில இருந்ததை அப்படியே முழுசா இதுல எறக்கித் தந்துட்டான். வச்சிரு. அங்கன இருந்தா என்ன செய்வானுவன்னு தெரியாது," ன்னான்.

"போன் எப்ப வந்துச்சுலே?"

"மூணு அம்பதுக்கு. இந்தா, போன்லயே இருக்கு பாரு. வச்ச கையோட ஓடிப்போய் ஊதினேன்க்கா. ரெண்டு நிமிஷம்கூட ஆவல." பெறகு போறப்போ வாசல்ல நின்னு சொன்னான். "பெட்டியில மணி பத்து நிமிஷம் ஃபாஸ்டா ஓடும். கழிச்சுப் பாத்துக்கோ."

இதை வெளியூர்க்காரங்களுக்கு விளக்கணும். எங்க பக்கத்துல கடிகாரம் சரியான மணி காட்டுற வீடு கொறச்சல். பஸ்ஸைப் பிடிக்கணும், ஆபீஸுக்குப் போகணும், பிந்திரக் கூடாதுன்னு முள்ளைக் கொஞ்சம் முன்னால தள்ளி வைப்போம். எங்க அடுக்களையில பன்னெண்டு நிமிஷம், எதுத்த மளிகைக்கடையில பத்து. மணி கேட்டா, "இதுல நாலரை, பத்து ஃபாஸ்ட்டு" ன்னு சேத்தே சொல்லுவோம். கேக்குறவனும் கழிச்சுக்கிட்டே கேப்பான். அந்த விடுதி மேனேஜர் அண்ணாச்சியும் நம்ம பக்கத்து ஆளுதான். வரவேற்புல, சமையக்கட்டுல, எல்லாத்துலயும் முன்னால தள்ளித்தான் வச்சிருந்தாரு, வேலைக்கு வாரவங்க நேரத்துக்கு வரட்டும்னு. கேமராப் பெட்டியிலயும் அப்படியே. இதெல்லாம் எங்களுக்குச் சோத்துல உப்புப் போடுற மாதிரி சாதாரணம். இதுக்கு ஒரு சாட்சி வேணும்னு எவன் நெனைப்பான்?

அவன் போன பெறகு ஃபைலைத் தொறந்தேன். நானூறு ஜிபிக்கு மேல, ஒரே ஃபைலு. அந்தப் பெட்டி ஆள் நடமாட்டம் இருந்தா மட்டும்தான் பதியும், இல்லன்னா சும்மா கெடக்கும். அதனால நடுநடுவுல நிறைய ஓட்டை. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால கொஞ்சம் பைட்டுல அந்தப் படம் எடுத்த மணி இருக்கும். ஓட்டிப் பாக்கும்போது திரையில மூலையில தெரியுதுல்லா மணி, அது அதைப் பாத்துத்தான் வருது. ஃபைலோட கடைசியில ஒரு அட்டவணை, எந்தப் படம் எங்கன ஆரம்பிக்குதுன்னு. வேலைக்குத் தோதான ஃபைலு. வேற நாளா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்.

விபத்து நடந்த நேரத்துக்குப் போய் ஓட்டினேன். ஓடையில ஆளுங்க தலை தெரியுது. இடது ஓரத்துலேருந்து தம்பி ஓடிவாரான், விசிலு வாயில, ரெண்டு கையும் மேல. சத்தம் பதியல, ஆனா அவன் கன்னம் உப்புறது தெரியுது. மூலையில மணி நாலு ரெண்டு.

போன் வந்தது மூணு அம்பது. ஊதினது நாலு ரெண்டு.

கழிச்சுக்கோன்னு அவன் சொன்னது நெனப்பு வாரதுக்கு முன்னால, ஒரு கணம், என் மனசுல வேற ஒண்ணு வந்துச்சு. இவன் மத்தியானம் சாப்பிட்டா கண்ணு சொக்கிருவான். சின்னதுலேருந்தே அப்படித்தான். பட்டாளத்துக்குப் போயும் மாறலை. எங்க வீட்டுக்கு வந்தாக்கூட மூணு மணிக்கு நாற்காலியில வாயைத் தொறந்துக்கிட்டு ஒறங்குவான். அவன் உக்காருற நாற்காலி கேமராவுல விழாது, இடது ஓரத்துக்கு அந்தப் பக்கம். எஸ்டேட்டுக் காவக்காரர் போனை எடுத்து "சரி" ன்னு சொல்லிட்டு மறுபடி கண்ணை மூடியிருந்தா? சீ, என்ன நெனப்பு இதுன்னு என்னையே வஞ்சேன். பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டு. கழிச்சா மூணு அம்பத்திரெண்டு. சரியாத்தானே வருது, கோட்டிக்காரின்னு சொல்லிக்கிட்டேன்.

விசாரிக்க ஒரு அதிகாரி வரப்போறதாச் சொன்னாங்க, நம்ம பக்கமே கிடையாது, மேக்குப் பக்கத்து ஆளு. அவருகிட்ட போய் "எங்க ஊர்ல மணியைக் கழிச்சுத்தான் பாக்கணும் சார்" ன்னு சொன்னா வாய்விட்டுச் சிரிப்பாரு. திரையில நாலு ரெண்டுன்னு ஒரு தடவை பாத்துட்டா, பெறகு நாம என்ன கரடியாக் கத்தினாலும் கண்ணு அதையேதான் நம்பும். ஃபைல்ல இருக்குறது தப்பான மணி. தப்பான எண்ணைத் திருத்துறதுதானே என் வேலை? இதுல என்ன பாவம் இருக்கு? அப்படித்தான் நெனச்சேன். இன்னைக்கு அதை நெனச்சா என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்போல இருக்கு.

காப்பி எடுக்க வேற டிஸ்க்குல இடம் இல்ல. தென்காசிக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கலாம், மிஞ்சிப்போனா முக்கால் மணி நேரம். போகலை. நான்தான் ஃபைலை அங்கனயே வச்சுத் திருத்துற ஆளாச்சே, காப்பி என்னத்துக்குன்னு ஒரு திமிரு. ஸ்கிரிப்ட் முப்பது வரிகூட வரல. அட்டவணையைப் படி, ஒவ்வொரு படத்தோட மணிக்கும் போ, அறுநூறு செகண்டைக் கழி, எழுது. தொறக்குற வரியை மூணு தடவை பாத்தேன். 'டபிள்யூ' இல்ல, உள்ளதை அழிக்காமத் திருத்துற 'ஆர் ப்ளஸ்'தான். அதுல மட்டும் அவ்வளவு பயம் எனக்கு.

எழுதுறதுக்கு முன்னால ஒரு தடவை சும்மா ஓட்டிப் பாத்தேன். மணி எல்லாம் வரிசையா மேல ஏறுதான்னு பாக்குற வழக்கம். திரையில ஒரு வரி வந்துச்சு: மணி பின்னால போன இடம், ஒண்ணு.

அதாவது ஃபைல்ல எங்கயோ ஒரு எடத்துல, ஒரு படத்தைவிட அதுக்கு அடுத்த படத்தோட மணி கொறைவா இருக்கு. விபத்து நடந்த பெறகு, மெக்கானிக் எறக்குறதுக்கு முன்னால, யாரோ பெட்டியோட மணியைப் பின்னால தள்ளி வச்சிருக்கணும்னு தோணிச்சு. தம்பியோட சேக்காளி அந்த மெக்கானிக்கே சரி பண்ணியிருப்பான், அது கெடக்கட்டும்னு நெனச்சேன். அப்போ அந்த எடத்துக்கு அப்புறம் கழிக்கக் கூடாதுல்லா? ஸ்கிரிப்ட்டுல ரெண்டு வரி சேத்தேன். மணி பின்னால போற இடம் வார வரைக்கும் கழி, அதுக்கப்புறம் தொடாத. எந்த இடம்னு அதுவே கண்டுபிடிச்சுக்கிடும். அது எங்கன, எத்தனை நிமிஷம் பின்னால போச்சுன்னு எழுதிக்காட்ட இன்னும் ஒரே ஒரு வரி போதும். நான் போடலை.

பழைய எண்ணைக் குட்டி ஃபைல்ல எழுதி வைக்கிறதையும் செய்யலை. ஆபீஸ் வேலையா என்ன, நம்ம தம்பிக்குத்தானேன்னு விட்டுட்டேன். ஓட விட்டுட்டு காப்பி போடக் கீழ போனேன். டம்ளரோட மேல வரும்போது முடிஞ்சிருந்துச்சு. மறுபடி சோதிச்சேன். மணி பின்னால போன இடம், இல்ல. ஓடைப் படத்துக்குப் போய் ஓட்டினேன். தம்பி ஓடிவாரான், மூணு அம்பத்திரெண்டு. அப்பாடான்னு இருந்துச்சு. அவனுக்குப் போன் போட்டு, "கவலைப்படாதலே, எல்லாம் நேரா இருக்கு" ன்னேன். என்ன செஞ்சேன்னு சொல்லலை. சொல்லியிருந்தா அவனே வேண்டாம்னு சொல்லியிருப்பான். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோயிருந்துச்சுங்கிறது வேற விஷயம்.

பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு விடுதியிலேயே சாப்பாட்டு ஹால்ல வச்சு விசாரணை. காலையில பதினோரு மணி. வெளிய சாரலு, சன்னல் கண்ணாடியில தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதிகாரி ஒரு மேசையில. மேனேஜர் அண்ணாச்சி அவருக்குப் பக்கத்துல, நெத்தி நிறைய திருநீறோட. செத்தவரோட பொண்டாட்டி சொவரோரமா தனியா ஒரு நாற்காலியில. அந்தப் பொண்ணை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். மடியில கைப்பையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, யாரையும் பாக்காம இருந்தா.

மேனேஜர் முதல்லயே சொல்லிட்டாரு. பெட்டியில இருந்த டிஸ்க்கு கெட்டுப்போச்சு, கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டியாச்சு, அன்னைக்கு எடுத்த பதிவு எங்ககிட்ட இல்லன்னு. அதிகாரி எங்களைப் பாத்தாரு. தம்பி எந்திரிச்சு நின்னான்.

"எங்க அக்காகிட்ட இருக்கு சார். பெட்டியில இருந்தது இருந்தபடி."

மாத்தினதை அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லலை. டிஸ்க்கை வாங்கி லேப்டாப்புல மாட்டினாங்க. நான்தான் ஓட்டிக் காட்டினேன். தம்பி ஓடிவாரான், கை மேல, மூணு அம்பத்திரெண்டு. அதிகாரி தம்பி போனை வாங்கி மூணு அம்பதைப் பாத்துத் தலையாட்டினாரு. அதோட முடிஞ்சிருக்கணும். ஆனா என் தம்பி நேர்மையான பய. திரையை உத்துக்கூடப் பாக்கலை. அவன் பாட்டுக்குச் சொன்னான்:

"சார், ஒண்ணு சொல்லணும். இந்தப் பெட்டி பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டு. கழிச்சுப் பாக்கணும்."

அதிகாரி நிமிந்து பாத்தாரு. "கழிச்சா மூணு நாப்பத்திரெண்டு வருதே தம்பி. போன் வர்றதுக்கு எட்டு நிமிஷம் முன்னாடியே விசில் ஊதிட்டீங்களா?"

தம்பி திரையைப் பாத்தான், பெறகு என்னையப் பாத்தான். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெம்பு இல்ல.

மேனேஜர் அண்ணாச்சி அப்பந்தான் தொண்டையைச் செருமிக்கிட்டு அவரு போனை எடுத்தாரு. "சார், அன்னைக்குச் சாயங்காலமே பெட்டியில ஓடவிட்டு நான் போன்ல படம் பிடிச்சு வச்சிருந்தேன். பாருங்க." அதே ஓடை, அதே ஓட்டம், அதே கை. மூலையில நாலு ரெண்டு. "எங்க பெட்டியில மணி எப்பவும் கரெக்டா இருக்கும் சார். வேணும்னா இப்பவே போய்ப் பாருங்க" ன்னாரு, நிறுத்தி நிதானமா.

போய்ப் பாத்தா சரியாத்தான் இருக்கும். எனக்கு அந்த நிமிஷம்தான் எல்லாம் வெளங்கிச்சு. பெட்டியோட மணியைப் பின்னால தள்ளினது மெக்கானிக் இல்ல. அன்னைக்குச் சாயங்காலம் படம் பிடிச்ச கையோட இவரே தள்ளியிருக்காரு. எத்தனை நிமிஷம் ஃபாஸ்ட்டா இருந்துச்சோ அத்தனை நிமிஷம். அது ஃபைல்ல இருந்துச்சு. மணி பின்னால போன ஒரு இடமா, கண்ணு முன்னால, மறுக்க முடியாம இருந்துச்சு. இந்த ஊரு வழக்கத்துக்கும், இவரு பொய்க்கும், என் தம்பி சொன்னதுக்கும் இருந்த ஒரே சாட்சி அது. அதைத் தடமே இல்லாம வழிச்சுத் தொடைச்சவ நானு.

எந்திரிச்சேன். "சார், மாத்தினது நான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது" ன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் கொட்டினேன். அறுநூறு செகண்டு, அட்டவணை, பின்னால போன இடம், எல்லாம். அதிகாரி குறுக்கப் பேசாம கேட்டாரு. மோசமான மனுசன் இல்ல அவரு.

"சரிம்மா. மணி பின்னாடி போன அந்த இடத்தைக் காட்டுங்க."

"இப்ப இல்ல சார்."

"எந்த இடத்துல இருந்துச்சு?"

"தெரியலை சார். அந்தப் பெட்டி விட்டுவிட்டுத்தான் பதியும். எங்க பாத்தாலும் இடைவெளி இருக்கு. அதுல எதுன்னு இப்போ சொல்ல முடியாது."

"திரும்பக் கொண்டுவர முடியுமா?"

முடியும். அதான் கொடுமை. எங்க வேணும்னாலும், எத்தனை நிமிஷம் வேணும்னாலும், ஒரு இடத்தை என்னால உண்டாக்கிற முடியும், பத்து நிமிஷ வேலை. அதைச் சொன்னேன். அவரு பேனாவை மூடிக் கீழ வச்சாரு.

"மாத்தினேன்னும் நீங்களே சொல்றீங்க. மாத்துறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னும் நீங்களே சொல்றீங்க. மறுபடி எப்படி வேணும்னாலும் மாத்தலாம்னும் நீங்களே சொல்றீங்க. நான் இதுல எதைம்மா எழுதறது?"

அப்போ சொவரோரமா இருந்த அந்தப் பொண்ணு முதல் தடவையா வாயைத் தொறந்தா. கோவமெல்லாம் இல்ல. கேக்காம இருக்க முடியாமக் கேட்டா.

"அக்கா, அப்ப நெசமா மணி என்ன?"

யாருக்கும் பதில் சொல்லாம விட்டது கிடையாது நான். என் வாய் அப்படிப்பட்டது. ஆனா அந்தப் பொண்ணு மொகத்தைப் பாத்து என்னால ஒரு எண்ணைச் சொல்ல முடியலை. அவ புருசனுக்கு ஏறிவர நேரம் இருந்துச்சா, இல்லையா. அவ காலம் பூரா கேக்கப்போற கேள்வி அதுதான். அதுக்கான பதிலை நான்தான் வச்சிருந்தேன், ஒரு சாயங்காலம் முழுக்க, என் வீட்டு மாடியில. மூணு தடவை கேட்டா. பெறகு கைப்பையை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டா.

தம்பி பைக்கில என்னைக் கூட்டிட்டு வந்தான். சாரல்ல ரெண்டு பேரும் நனைஞ்சுக்கிட்டே வந்தோம். இலஞ்சி வளைவு தாண்டினதும் தென்னந்தோப்பு ஓரமா வண்டியை நிப்பாட்டினான். எறங்கலை, திரும்பலை, முன்னால பாத்துக்கிட்டே கேட்டான்.

"எக்கா, அது எத்தனை நிமிஷம் பின்னால போச்சு?"

"பாக்கலலே."

"பாக்கணும்னா ரொம்பக் கஷ்டமா?"

"ஒரு வரி எழுதினா போதும்."

"பெறகு ஏன் பாக்கலை?"

அவசரம்னு சொல்லியிருக்கலாம். களைப்புன்னு சொல்லியிருக்கலாம். பத்துன்னுதான் நீயே சொன்னியே, பெறகு என்னத்தப் பாக்கன்னு அவன் மேலயே திருப்பியிருக்கலாம், அது எனக்குக் கைவந்த கலை. ஆனா முந்தின ஒரு மணி நேரத்துல அத்தனையும் பாத்த பெறகு பொய் சொல்ல வாய் வரலை.

"பத்தா இல்லாமப் போயிருமோன்னு பயந்துட்டேன்லே."

வண்டி எஞ்சின் மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீ ஒறங்கினியாலேன்னு கேக்கணும்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் கேக்கலை. கேக்குறதுக்கான உரிமையை நானே தொலைச்சுட்டேன். அது ஒரு நிமிஷம் பின்னால போயிருந்தாலும், பத்து நிமிஷம் பின்னால போயிருந்தாலும், அவனுக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது.

"அந்த மேனேஜருக்கு நான் யாரோ. அந்தப் பொண்ணுக்கும் நான் யாரோ. உனக்குமாக்கா?" ன்னான் கடைசியில. கையால மொகத்தைத் தொடைச்சுக்கிட்டான், சாரல்தானான்னு தெரியலை. "கெட்டியாப் பிடிச்சுக்கோ. போவோம்."

வாசல்ல எறக்கிவிட்டான். "உள்ள வாலே, தலையைத் தொவட்டிட்டு ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ" ன்னேன். "இன்னொரு நாளைக்கு வாரேன்க்கா" ன்னான். அவன் மேல கேசு இன்னும் நடக்கு. வாய்தா அன்னைக்கு கோர்ட்டு வாசல்ல பாத்தா, "சாப்பிட்டியாக்கா?" ன்னு கேப்பான், மரியாதையாத்தான் கேப்பான். அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துச் சாரலும் பெஞ்சு முடிஞ்சிருச்சு. என் வீட்டுக்கு அவன் வரலை.